மணல் கடிகாரமா, நீர்க்கடிகாரமா?

கடுகு டப்பாவைச் சாய்த்தால் கடுகு தண்ணீர் போலத்தான் ஓடி வருகிறது. பள்ளம் பார்த்துப் போகிறது, பாத்திரத்தின் வடிவத்துக்கு அடங்குகிறது. அப்படியானால் நேரம் அளக்க இரண்டில் எதைத் துளை வழியே விட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, எனக்கு அதுதான் இந்த விஷயத்திலேயே அழகான இடம்.

முதலில் தண்ணீர். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தின் அடியில் துளை போட்டால், நிறைந்திருக்கும்போது பீச்சியடிக்கும், மட்டம் இறங்க இறங்கச் சோர்ந்துபோகும். மட்டம் கால் பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும். இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதி இது. எகிப்தியர்கள் விதி தெரியாமலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். கர்னாக்கில் கிடைத்த, சுமார் 3,400 ஆண்டுப் பழைய நீர்க்கடிகாரம் பூந்தொட்டி மாதிரி மேலே அகன்று கீழே குறுகியிருக்கும், வேகம் குறைந்தாலும் மட்டம் ஏறக்குறைய ஒரே சீராக இறங்கட்டும் என்று. நம்மூர் நாழிகை வட்டில் வேறு வழி: ஓட்டைக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்க ஆகும் 24 நிமிடத்தை ஒரு நாழிகையாக எண்ணினார்கள்.

மணலுக்கு இந்தக் கவலையே கிடையாது. மேலே எவ்வளவு உயரம் இருந்தாலும் கழுத்து வழியே ஒரே வேகத்தில்தான் விழும். ஏன் என்றால், மணல்மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சுவரிலும் சாய்ந்து, தங்கள் எடையில் பெரும்பங்கைச் சுவர்மேல் ஏற்றிவிடுகின்றன. ஒரு ஆழத்துக்குமேல் அடியில் அழுத்தம் கூடுவதில்லை என்று 1895இலேயே யான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் தானியக் குதிர் மாதிரிகளில் காட்டிவிட்டார். ஆனால் வேகம் மாறாததற்கு அது மட்டுமே காரணம் இல்லை. துளைக்குச் சற்று மேலே மணிகள் பிடியை விட்டுத் தம் எடையிலேயே விழத் தொடங்குகின்றன, அந்த இடம் எவ்வளவு உயரத்தில் அமையும் என்பதைத் துளையின் அகலம்தான் தீர்மானிக்கிறது, மேலே குவிந்திருக்கும் உயரம் அல்ல. 1961இல் பெவர்லூ என்ற ஆய்வாளரின் குழுவினர் விதைகளை ஓடவிட்டு அளந்து இதற்கொரு சூத்திரமே தந்தார்கள். துளையின் விட்டத்தை இரட்டித்தால் தண்ணீர் 4 மடங்கு வரும், மணிகளோ ஐந்தரை மடங்குக்கும் மேல்.

குறையும் இருக்கிறது. துளை, மணியின் அகலத்தைப்போல் ஐந்தாறு மடங்காவது இல்லாவிட்டால் மணிகள் வளைவு கட்டி நின்றுவிடும். சாதாரணத் தண்ணீர் அப்படி அடைத்துக்கொள்வதில்லை. ஈரம் பட்டாலும் மணல் கட்டிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஓடவிட்டு, இடையில் எட்டிப்பார்த்து மணி சொல்ல வேண்டுமென்றால் கோடு போட்ட நீர்ப்பாத்திரம்தான் வசதி. மணல் குவிந்தும் குழிந்தும் கிடப்பதால் பாதியில் அளவு பார்ப்பது கஷ்டம்.

கப்பலில் போட்டியே இல்லை. ஆடும் தளத்தில் நீர் தளும்பும், குளிரில் உறையும், வெயிலில் வற்றும். அதனால்தான் மாலுமிகள் அரைமணி மணல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி மணியடித்தார்கள், கப்பலின் வேகத்தை அளக்கவும் 28 விநாடி மணல் கடிகாரம் வைத்திருந்தார்கள். திட்டமான ஒரு சிறு இடைவெளியை மறுபடி மறுபடி அளக்க நான் மணலைத்தான் எடுப்பேன்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, நேரான பகுதியில் சம இடைவெளியில் மூன்று கோடு போட்டு, ஒரு தடவை கடுகும் ஒரு தடவை தண்ணீரும் ஊற்றி, வாயைத் திறந்ததும் போனில் வீடியோ எடுங்கள். மேல் இடைவெளிக்கும் கீழ் இடைவெளிக்கும் கடுகு ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும், தண்ணீர் கீழே வர வர அதிக நேரம் எடுக்கும்.