ஒருமுறை கேட்பதா, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதா?

நகரவாசிகளின் உடல்நலத்தை ஆராய இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, வீடு வீடாகப் போய் ஒரே தடவையில் எடுக்கும் கணக்கெடுப்பு. மற்றது, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்வது.

கணக்கெடுப்பு சில மாதங்களில் முடிந்துவிடும், செலவும் குறைவு. எந்தப் பகுதியில் ஆஸ்துமா அதிகம், எங்கே மருத்துவமனை தேவை என்று அறிய அது போதும். ஆனால் எது முதலில் வந்தது என்று அது சொல்லாது. பூங்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சிரைப்பு அதிகம் என்று தெரிந்தால், பூங்காவா காரணம்? நல்ல காற்றைத் தேடி நோயாளிகள் அங்கே குடிவந்திருக்கலாம் இல்லையா? அப்புறம், பகலில் கதவைத் தட்டினால் வேலைக்குப் போனவர்கள் சிக்க மாட்டார்கள். வீட்டுப் பட்டியலில் சேராத குடிசைகள் கணக்கிலேயே வராது.

காரணம் தெரிய வேண்டுமென்றால், என்னைக் கேட்டால், பின்தொடர்வதுதான் சரி. அமெரிக்காவில் ஆறு நகரங்களில் காற்று மாசு பற்றி நடந்த ஆய்வில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் கவனித்தார்கள். புகைப்பழக்கம் போன்றவற்றின் பாதிப்பைக் கழித்துப் பார்த்த பிறகும், காற்று மிக மாசுபட்ட நகரில் இறப்பு விகிதம், மிகத் தூய்மையான நகரைவிட 26% அதிகமாக இருந்தது. 1993இல் வெளியான இந்த முடிவு, அங்கே காற்றுத்தர விதிகள் இறுகவும் ஒரு காரணமானது.

தொல்லை என்னவென்றால், நகரத்தில் ஆட்கள் வீடு மாறுவார்கள், போன் நம்பரும் மாறும். வாடகை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கைநழுவுவார்கள். அதனால் ஆய்வில் சேர்க்கும்போதே உறவினர் இரண்டு பேரின் எண்ணையும் வாங்கி வைப்பது நல்லது.