மேரியைக் கேட்காமலே: ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’

ராட்க்ளிஃப் ஹால் எழுதி, லண்டனில் ஜானதன் கேப் நிறுவனம் 1928 ஜூலையில் வெளியிட்ட, பெண்களைக் காதலிக்கும் ஒரு பெண்ணின் கதையான ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நாவலுக்கு அதன்மீதான ஆபாச வழக்கே பெரிய விளம்பரம். ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இந்நாவலைத் தருவதைவிட விஷத்தைத் தரலாம் என எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் போ ஸ்ட்ரீட் நீதிமன்றம், இலக்கியத் தரம் பற்றிய சாட்சியங்களைக் கேட்க மறுத்துப் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டது. இத்தனைக்கும் காதலர் இருவரின் கூடலை, அன்றிரவு அவர்கள் பிரிந்திருக்கவில்லை என்ற அளவில்தான் ஹால் சொல்கிறார். இங்கிலாந்தில் நாவல் மீண்டும் வெளியான 1949இல் அவர் உயிருடன் இல்லை.

என்னைக் கேட்டால், முதல் பகுதிக்காகவே இதை வாங்கலாம். ஆண் வாரிசை எதிர்பார்த்திருந்த பெற்றோர், பிறந்த பெண்ணுக்கு ஸ்டீபன் என்றே பெயர் வைக்கிறார்கள். ஏழு வயதில் அவள் வீட்டுப் பணிப்பெண் காலின்ஸ்மீது உயிரையே வைக்கிறாள். தரை தேய்த்துத் தேய்த்துக் காலின்ஸுக்கு முழங்கால் வீங்கியதை அறிந்து, அந்த வீக்கம் தனக்கு வரட்டும் என்று இயேசுவை வேண்டி, தானும் தரையில் முட்டிபோட்டுப் பார்க்கிறாள். வீக்கம் வருவதில்லை. ஒரு குழந்தையின் காதலை எந்த வாதமும் இல்லாமல் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பக்கங்கள் அரிது. மகளின் இயல்பைப் புத்தகங்கள் வழியே அறிந்துகொண்ட தந்தை அதைச் சொல்லாமலே இறந்துவிட, பின்னாளில் அவர் பூட்டிவைத்த அலமாரியைத் திறந்து, அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் அவர் கையெழுத்தை ஸ்டீபன் காணும் இடமும் அத்தகையதே.

பாரிஸுக்குக் கதை நகர்ந்தபின் நடை கனத்துப்போகிறது. விவிலியத் தொனி அலுக்கிறது. இத்தகைய காதல் பிறவிக் குறை என்ற அக்கால மருத்துவக் கொள்கையைச் சுமக்கும் பாத்திரங்கள் பரிதாபத்துக்கென்றே வந்துபோகிறார்கள். முதல் உலகப் போரின் ஆம்புலன்ஸ் பிரிவில் ஸ்டீபன் சந்தித்துக் காதலிக்கும் மேரிக்கு நேர்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டீபன் தனக்கு வேறொருத்தியுடன் உறவிருப்பதாகப் பொய் சொல்லி, மேரியை, அவளை விரும்பும் மார்ட்டின் என்ற ஆணிடம் அனுப்பிவைக்கிறாள். ஹால் இதைத் தியாகம் என்கிறார். ஆனால் தனக்கு எது நல்லது என்று மேரியை எவரும் கேட்பதில்லை, ஹாலும் கேட்கவில்லை. பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கும் குடும்பத்தலைவரின் உரிமையை ஸ்டீபன் அப்படியே எடுத்துக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது.