எடைக் குறைப்பு ஷேக் பவுடர்: பத்து வாரம் குடித்த பிறகும், பதினொரு மாத வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகும்

எடையைக் குறைப்பதற்கென்று விற்கப்படும் ஷேக் பவுடரை வாங்கலாமா என்று உறவினர்களும் அலுவலகத் தோழிகளும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அதைப் பத்து வாரங்கள் ஒரு நாளும் தவறாமல் குடித்தவள் என்ற முறையிலும், அதை விட்ட பிறகு பதினொரு மாதங்களாக வீட்டில் சமைத்ததையே அளவு பார்த்துச் சாப்பிட்டு எடையைக் குறைத்து வருபவள் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே வகைப் பவுடர் பல பெயர்களில் கிடைக்கிறது. நான் சொல்ல வருவது அந்த வகையைப் பற்றித்தான்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் வசிக்கிறேன். வயது 46. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலை. தொடங்கும்போது உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 32 என்று வந்தது. இந்தியர்களுக்கு அந்த எண் 23ஐத் தொட்டாலே அதிக எடை என்றும், 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலித்தது. ஆகவே எதையாவது செய்தாக வேண்டும் என்ற நிலையில்தான், எங்கள் தெருவில் காலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும், இந்தப் பவுடரை விற்கும் ஒரு மையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். "அக்கா, இது மருந்து கிடையாது, சாப்பாடுதான். ஒரு மாசம் குடிச்சுப் பாருங்க, பிளவுஸ் எல்லாம் பிடிக்கக் கொடுக்கணும்" என்றார். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு குவளை ஷேக், மதியம் மட்டும் கொஞ்சம் சோறு என்பது திட்டம். 400 கிராம் டப்பா 950 ரூபாய். ஒரு வேளைக்கு 33 கிராம் என்றால் ஒரு டப்பா 12 வேளைக்கு வரும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று பார்த்தால் மாதத்துக்கு ஐந்து டப்பா, 4,750 ரூபாய். பால் செலவு தனி.

பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வாரத்தில் 78 கிலோ 73 ஆனது. முதல் வாரத்திலேயே 2 கிலோ இறங்கியதைக் கண்டு நான் அசந்துபோனேன். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், உடலில் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருக்கும் நீரும்தான் முதலில் வெளியேறும், அந்த முதல் இறக்கத்தில் கொழுப்பின் பங்கு குறைவு என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மற்றொன்றும் புரிந்தது. நீல ஆவின் பாக்கெட் பால் 200 மில்லியில் கலந்த ஒரு குவளை ஷேக் சுமார் 240 கலோரி. இரண்டு குவளையும் மதியச் சோறும் சேர்ந்து நாளைக்கு 1,100 கலோரி வந்திருக்கும். அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் எதைச் சாப்பிட்டாலும் எடை இறங்கத்தான் செய்யும். டப்பாவில் அச்சிட்டிருந்த கலோரி இதைவிடக் குறைவு. காரணம், அது கொழுப்பு முழுவதும் நீக்கிய பாலுக்கான கணக்கு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்கே பசி வந்து கை நடுங்கும். மெல்லுவதற்கு எதுவும் இல்லாததால் சாப்பிட்ட திருப்தியே வராது. மூன்றாவது வாரத்திலிருந்து மலச்சிக்கல். அந்தப் பசியை அடக்க அதே மையத்தில் பரிந்துரைத்த மல்டிகிரெய்ன் பிஸ்கட்டையும், கடையில் 'டயட் மிக்சர்' என்று விற்றதையும் வாங்கினேன். மாலையில் வீட்டில் மற்றவர்கள் இட்லி சாப்பிடும்போது நான் தனியாக உட்கார்ந்து குவளையைக் கலக்கிக்கொண்டிருந்தேன். பத்து வாரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. நிறுத்திய நான்கு மாதத்தில் எடை 77.5க்குத் திரும்பியது.

அதன் பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மிச்சமிருந்த டப்பாவையும் பிஸ்கட் பாக்கெட்டையும் சன்னல் ஓரம் எடுத்துப்போய், மாமனாரின் பூதக்கண்ணாடியை வைத்து உட்பொருள் பட்டியலைப் படித்தேன். நம் நாட்டு விதிப்படி உட்பொருள்களை எடை வரிசையில், அதிகம் உள்ளது முதலில் வருமாறு எழுத வேண்டும். டப்பாவில் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி, கெட்டிப்படுத்தும் பசை, சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு, வாசனைப் பொருள், வைட்டமின் கலவை என்று போகிறது. பிஸ்கட்டில் அட்டைப்படம் முழுக்கக் கேழ்வரகும் ஓட்ஸும் இருந்தன. பட்டியலில் முதலில் மைதா, இரண்டாவது பாமாயில், அதற்கும் பின்னால்தான் தானியங்கள். 100 கிராமுக்கு 480 கலோரி. ஒரு பிஸ்கட் 12 கிராம். தேநீரோடு நான்கு சாப்பிட்டால் 230 கலோரி. அந்த இடத்தில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் அதைவிடக் கலோரி குறைவு, ஏறத்தாழ 10 கிராம் புரதம், நிறைய நார்ச்சத்து, இரவு வரை பசியும் இல்லை. டப்பாப் பவுடர் ஒரு வேளைக்கு 9 கிராம் புரதம் தருகிறது, விலை 79 ரூபாய். 40 கிராம் பாசிப்பருப்பும் அதே அளவு புரதம் தருகிறது. கிலோ 130 ரூபாய்க்கு வாங்கினாலும் 5 ரூபாய்தான் ஆகிறது.

செயற்கை இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை: உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறியது நானாக எடுத்த முடிவு அல்ல. நான் பார்த்த உணவியல் நிபுணர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க வீட்ல மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?" நாங்கள் நான்கு பேர், மாதம் 5 லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். தலைக்கு ஒரு நாளைக்கு 41 மில்லிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 38 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய் 27 கிராம் போதும் என்றிருக்கிறது. அந்த வழிகாட்டி காட்டும் ஒரு நாள் தட்டில் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தானியம் இதைவிட மிக அதிகம், காய்கறி இதில் பாதிகூட இல்லை. வீட்டுச் சாப்பாடு என்ற பெயர் ஒன்றே எடையைக் குறைத்துவிடாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்னை 78 கிலோவுக்குக் கொண்டுபோனதும் வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் அதில் எங்கே கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது, கையால் குறைக்க முடிகிறது. டப்பாவில் அதற்கு வழியில்லை.

எண்ணெயைக் குறைக்கத் தொடங்கியபோது அத்தைக்குத்தான் வருத்தம். "எண்ணெய் இல்லாம வதக்குனா கத்திரிக்கா கறுத்துப்போயிரும்மா" என்றார். அது உண்மையும்கூட. ஒரு வாரம் நான் சமைத்த பொரியல்களை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. பிறகு அத்தையே வழி சொன்னார். அடிகனமான சட்டியில் காயைப் போட்டு, உப்பு தூவி, ஒரு கை தண்ணீர் தெளித்து, தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வைத்தால் காய் தன் நீரிலேயே வெந்துவிடுகிறது. கடைசியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால், எண்ணெய் மேலாகவே நிற்பதால் மணம் முழுவதும் நாக்குக்குக் கிடைக்கிறது. தோசைக்கு இரும்புக் கல். பாதியாக அரிந்த வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல்லில் தேய்த்தால் அடுத்தடுத்து மூன்று தோசை ஒட்டாமல் வருகிறது. அத்தையின் அம்மா காலத்து வழக்கம் அது; நான்ஸ்டிக் கல் வாங்கியபோது நாங்கள்தான் விட்டுவிட்டோம். இப்போது மாதம் 3 லிட்டர் எண்ணெய் போதுமானதாக இருக்கிறது. இதனால் மட்டும் தலைக்கு நாளொன்றுக்கு 135 கலோரிக்கு மேல் குறைகிறது.

அடுத்தது சோறு. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை போட்டுக்கொள்வது என் பழக்கம். அளந்து பார்த்தால் ஒரு மதியத்துக்கு 150 கிராம் அரிசி. இப்போது எனக்கென்று 60 கிராம் மட்டும் அளந்து வைக்கிறேன். முதலில் ஒரு கிண்ணம் நிறையப் பொரியலையோ கீரைக் கூட்டையோ சோறு இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகுதான் சோற்றைத் தொடுகிறேன். ரசத்தையும் மோரையும் குவளையில் குடித்துவிடுகிறேன். அரிசியில் குறைந்தது மட்டும் 300 கலோரிக்கு மேல். காய்க்காக வாரம் இருமுறை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுகிறேன். புடலை, பீர்க்கு, சுரை, வாழைத்தண்டு என்று நீர்க்காய்கள் நிறையப் பை நிரம்பினாலும் செலவு கையைக் கடிப்பதில்லை. காலையில் இரண்டு இட்லியும் காய் நிறையப் போட்ட சாம்பாரும், அல்லது மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும். இரவு எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தி, பருப்பு. ஞாயிறன்று மீன் உண்டு, பொரிப்பதில்லை, குழம்புதான்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பி வாரம் மூன்று நாள் கொள்ளு ரசமோ துவையலோ செய்கிறோம். கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வயிறு நிறைகிறது, நீண்ட நேரம் பசிப்பதில்லை; எனக்கு அதுவே போதும். சிறுதானியத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சாமையிலும் வரகிலும் நார்ச்சத்து கூடுதலே தவிர, அரிசியோடு ஒப்பிட்டால் கலோரி பெரிதாகக் குறைவதில்லை. வரகுச் சோற்றை மூன்று முறை போட்டுக்கொண்டால் எடை இறங்காது.

என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் சொல்லக் கூடாது என்பதால், ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் (என் டப்பாவையும் பிஸ்கட்டையும் போல ஆலையில் தயாராகும் வகை) இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். 2019இல் முடிவை வெளியிட்டார்கள். முன்னால் வைக்கப்பட்ட உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்திருந்தும், பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள், மற்றதில் 0.9 கிலோ இறங்கினார்கள். 2025இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வெளியிட்ட ஆய்வு என் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 55 பேருக்கு எட்டு எட்டு வாரம் இரு வகை உணவு. இரண்டுமே அந்நாட்டு அரசின் உணவு வழிகாட்டியை ஒட்டியவை, ஆனால் ஒன்று கடையில் கிடைக்கும் ஆயத்த உணவுகளால் ஆனது. இரண்டிலும் எடை குறைந்தது. ஆயத்த உணவில் சுமார் 1 சதவீதம், குறைவாகப் பதப்படுத்திய உணவில் சுமார் 2 சதவீதம்.

பவுடர் பக்கமும் நியாயம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் ஷேக், சூப் வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் அங்கே மாத்திரையை நிறுத்துவதை மருத்துவக் குழு கவனித்தது, வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள், அதன் பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். எனக்கு விற்ற மையத்தில் என் இரத்த அழுத்தத்தைக்கூட யாரும் கேட்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்துக் கண்காணித்தால் பவுடரைக் குடியுங்கள். தெரு மையத்தில் வாங்குவதற்கு அந்த 4,750 ரூபாய் தகாது என்பது என் தீர்மானமான கருத்து. நீரிழிவு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் நான் எழுதியிருக்கும் வீட்டு முறையைக்கூட மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வீட்டு முறையில் எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. 77.5இல் தொடங்கி இன்று 69 கிலோ. மாதத்துக்கு முக்கால் கிலோ சொச்சம். இடுப்புச் சுற்றளவு 89 செ.மீ. குறியீட்டெண் 28 என்பதால் இன்னும் தூரம் இருக்கிறது. தீபாவளி மாதத்தில் அதிரசமும் முறுக்கும் சுட்டதில் எண்ணெய் நாலரை லிட்டர் ஆயிற்று, எடையும் 700 கிராம் ஏறியது. டைரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தேன். அடுத்த மாதம் மறுபடி 3 லிட்டர்தான் வாங்கினோம். மூன்று வாரத்தில் அந்த 700 கிராமும் இறங்கிவிட்டது.