சொந்த போர்வெல்லா, கூட்டுக் குடிநீரா?

2021 அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊராட்சி இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்றது. மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு அப்போது குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே வந்தது. குடிநீர்ப் பங்கில் புது போர்வெல் போட்டு மோட்டார் இறக்குவதா, ஆற்றிலிருந்து பல ஊர்களுக்குச் சேர்த்துக் குழாயில் வரும் கூட்டுக் குடிநீர் இணைப்பு வாங்குவதா? வார்டு உறுப்பினராக நான் போர்வெல்லுக்குக் கை தூக்கினேன்.

ருசியில் ஆற்றுத் தண்ணீருக்குத்தான் முதலிடம். பருப்பு வேகும் வேகமே சொல்லிவிடும். செலவு? அங்கே கிலோலிட்டர் கணக்கில் கட்டணம், இங்கே கரண்ட் பில். எப்படியும் மாதாமாதம் அழவேண்டியதுதான்.

அந்த முடிவு சரிதான் என்று எனக்குக் காட்டியது பழுது. 2023 மே மாதம் காலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நின்றது. மோட்டார் ஓட்டும் ஆப்பரேட்டர் நேராக ஊராட்சித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். மதியத்துக்குள் முக்காலி நட்டு, செயின் கப்பி மாட்டி, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றினார்கள். மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச் சுருள், அதாவது வைண்டிங், கருகிய வாடை பத்தடிக்கு வீசியது. பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். துணைத்தலைவரோ பேத்தி காதுகுத்துக்குப் போயிருந்தார். "பணத்த அப்புறம் வாங்கிக்கிறேன், மொதல்ல தண்ணிய விடுங்க" என்றார் வைண்டிங் கடைக்காரர். மூன்றாம் நாள் சாயங்காலம் தொட்டி நிறைந்தது.

அதே கோடையில் பக்கத்து ஊராட்சிக்கு வரும் மெயின் குழாய், இரண்டு ஒன்றியம் தள்ளி சாலை வேலையில் உடைந்தது. அவர்கள் தலைவர் யார் கதவைத் தட்டுவார்? பதினொரு நாள் டேங்கர் லாரிதான். பழுது இல்லாத நாளிலும் மேலே உள்ள ஊர்களின் சம்ப், அதாவது தரையடித் தொட்டி, நிறைந்த பிறகே இவர்களுக்கு. வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கடைமடை வயிற்றெரிச்சலை விளக்கவேண்டாம்.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என் பேச்சைக் கேட்காதீர்கள். அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் கதி. உப்புத் தண்ணீர் ஏறிய ராமநாதபுரக் கரையோரத்துக்கும் இது பொருந்தாது. எங்கள் போர்வெல்லும் 2021 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு போட்டது. கடும் வறட்சி ஒன்றை இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கலை நான் அன்று யோசிக்கவே இல்லை. 2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சிக்குத் தனி அலுவலரானார். கையெழுத்து அதிகாரம் அவரிடம் போனது. ஸ்டார்ட்டர் விழுந்தால் ஆப்பரேட்டர் இன்னும் பழைய தலைவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறார். அவர் கைலியோடு வெளியே வந்து பிடிஓவுக்குப் போன் போடுகிறார்.