கிருஷ்ணகிரியில் டிவி ரெக்கார்டிங்கை மாற்றக் கொடுக்கிறீர்களா? 3,800 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை. அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமா துரியோதனன் வேஷம் கட்டி ஆடிய கூத்தை ஒரு இலவசச் சேனலில் போட்டார்கள். ஹெச்.டி. ஒளிபரப்பு. வீட்டில் இருந்த செட்டாப் பெட்டியில் பென் டிரைவைச் செருகி முழுவதையும் பதிவு செய்தேன். மூன்று மணி நேரம், கிட்டத்தட்ட 11 ஜிபி, மூன்று துண்டாக டி.எஸ். ஃபைல்கள் (ஒளிபரப்பு வந்தபடியே பதிவாகும் வடிவம்). (பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, பெட்டியே துண்டாக்கிவிடும்.) மூட்டுவலியால் மாமா இப்போது ஆடுவதில்லை. விளம்பரங்களை வெட்டி, மூன்றையும் ஒட்டி, எல்லோர் போனிலும் ஓடும்படி எம்.பி.4 ஆக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு ஸ்டுடியோ. பெயர் வேண்டாம். உள்ளே போனதும் டீ வந்தது. கடைக்காரர் பென் டிரைவை வாங்கிச் செருகி, பெரிய மானிட்டரில் இரண்டு நிமிடம் ஓட்டினார். மாமாவின் புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. "பாருங்கணா, இதான் நம்ம சாம்பிள். இதையே ஃபோர் கே ஆக்கித் தரேன், ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றார். 3,800 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். அவர் ஓட்டிக் காட்டியது எங்கள் ஒரிஜினல் ஃபைலையேதான் என்பது பிறகுதான் விளங்கியது. அதில் அவர் கை வைக்கவே இல்லை. ஆயிரத்து எண்பது கோட்டுப் படத்தை ஃபோர் கே அளவுக்கு இழுக்கலாம், இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

கையில் கிடைத்ததைச் சொல்கிறேன். படத்தின் நடுவே ஏதோ மென்பொருளின் 'டிரையல்' முத்திரை, கடைசி வரை. அளவு 720க்கு 576. 1920க்கு 1080 இருந்த படத்தில் ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகள்தான் மிச்சம். நம் ஒளிபரப்பில் ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் இரண்டு தடவையாக வரும். அந்த இரண்டையும் சரியாக ஒரே படமாக்காமல், அதாவது 'டீ-இன்டர்லேஸ்' செய்யாமல் சுருக்கியதால் மாமா கிரீடத்தோடு சுழலும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து கிடக்கிறது. விளம்பரம் வெட்டிய ஒவ்வொரு இடத்துக்குப் பிறகும் ஒலி இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது. முகவீணை ஊதி முடித்த பிறகு சத்தம் வருகிறது. இதற்கா 3,800?

போன் செய்தால், "உங்க டிவி பழசா இருக்கும்ணா." அடுத்து, "எடிட்டிங் பையன் சேலம் போயிருக்கான்." நேரில் போய் நின்றால், "கல்யாண சீசன், அப்புறம் வாங்க." சரி, பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "வேலை செஞ்சாச்சே, எப்படித் தர முடியும்?" இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

இதையெல்லாம்கூட விடுங்கள். பென் டிரைவை ஃபார்மட் செய்து, அதன் மேலேயே இந்தக் குப்பையை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கடை கணினியில் இருந்த காப்பியையும் "இடம் பத்தலைன்னு அழிச்சாச்சு" என்கிறார், சிரித்துக்கொண்டே!

கொடுப்பவர்களுக்கு: ஒரிஜினல் பென் டிரைவைக் கொடுக்காதீர்கள், காப்பி போட்டுக் கொடுங்கள். விளம்பரம் வெட்டி ஒட்ட 'லாஸ்லெஸ்கட்' என்ற மென்பொருள் இலவசம், தரம் குறையாது. சுருக்க வேண்டுமென்றால் 'ஹேண்ட்பிரேக்', அதுவும் இலவசம், டீ-இன்டர்லேஸ் வசதி உள்ளேயே இருக்கிறது. கட்டண டிடிஎச் பெட்டியின் பதிவுகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், அதையும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுங்கள். பில் கேளுங்கள். என்னிடம் இருப்பது துண்டுச்சீட்டுதான், ஆனாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் கொடுக்கப் போகிறேன். 3,800ஐ விடுவதாக இல்லை.

அவர் ஏற்றிய ஃபைல் 1.5 ஜிபிதான். மீதி இடத்தில் பழைய பதிவு கொஞ்சமாவது மிச்சமிருக்கலாம் என்று பென் டிரைவில் எதையும் எழுதாமல் வைத்திருக்கிறேன். தர்மபுரி, காரிமங்கலம் பக்கம் டேட்டா ரெக்கவரி ஒழுங்காகச் செய்பவர் தெரிந்தால் சொல்லுங்கள். முன்பணம் கேட்பவர் மட்டும் வேண்டாம்.