கானாவிலிருந்து பாம் எண்ணெய் இறக்கித் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம்

லண்டனில் ஆபிரிக்கச் சாமான் விற்கும் தமிழ்க் கடைகள் எத்தனையோ உண்டு. பெக்கம், டொட்டன்ஹாம் பக்கம் போனால் தெரியும். கல்லாவில் நிற்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், தட்டில் இருப்பது காரி (மரவள்ளிக்கிழங்கை வறுத்தெடுத்த ரவை), எகுசி விதை, ஃபுஃபு மா, நோர்வேயிலிருந்து வரும் கருவாடு. என் கடையும் அப்படித்தான். மொத்த வியாபாரியிடம் எடுத்து விற்றால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அதனால் நேரடியாக இறக்குமதி செய்ய யோசிப்பவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அந்த யோசனையில் தப்பில்லை. நடுவில் நுழைகிற முகவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் வந்தவர் தமிழர். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, கானாவின்ர டேமா துறைமுகத்திலிருந்து கடை வாசல் வரைக்கும் என்ர பொறுப்பு" என்றார். முழுக் கொள்கலன் வேண்டாம், நாலைந்து பேரின் சரக்கைச் சேர்த்து ஒரே கொள்கலனில் போட்டால் செலவு குறையும் என்பது அவர் திட்டம். எனக்குக் காரியும் சிவப்புப் பாம் எண்ணெயும். நைஜீரியாவின் காய்ந்த பயறு வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பூச்சிமருந்துக்காகத் தடை செய்தது நினைவிருக்கும். அதையும் கானாப் பெயர் ஒட்டிக் கொண்டு வரலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய்க்குச் சோதனை அறிக்கை கேட்டேன். அனுப்பினார். கானாத் தலைநகர் அக்ராவில் உள்ள ஓர் ஆய்வகத்தின் முத்திரையோடு, சாயம் இல்லை என்று இருந்தது. முழுக் காசும் முன்பணமாகப் போனது.

இந்தச் சாய விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நல்ல பழத்தில் எடுத்த பாம் எண்ணெய் இயல்பாகவே சிவப்பு. பழம் சரியில்லை, எண்ணெய் பழசு என்றால் நிறம் மங்கும். வாங்குபவர்கள் நிறம் பார்த்து வாங்குவதால், சிலர் சூடான் 4 என்ற சாயத்தைக் கலக்கிறார்கள். மெழுகுக்கும் பொலிஷுக்கும் போடுகிற சாமான் அது, சாப்பாட்டில் சேர்க்கத் தடை. 2015இல் கானா அரசின் உணவு, மருந்து அதிகார சபையே அக்ரா சந்தைகளில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அது இருந்தது. பிரிட்டனுக்கும் பழைய காயம்தான்: 2005இல் மிளகாய்த்தூளில் கலந்த, அதே வகைச் சாயமான சூடான் 1, ஒரு சோஸ் வழியாக 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களுக்குள் போய், எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். கானாப் பாம் எண்ணெயைத் துறைமுகத்தில் கூடுதலாகச் சோதிப்பது இதனால்தான். சரக்கு வருவதற்கு முன்பே பிரிட்டன் அரசின் இணையத்தளத்தில் அறிவிக்க வேண்டும். மாதிரி எடுப்பது, ஆய்வகம், அதுவரை துறைமுகத்தில் வைத்திருப்பது, எல்லாச் செலவும் இறக்குமதியாளர் தலையில்.

அந்த "இறக்குமதியாளர்" என்ற இடத்தில்தான் முகவர் விளையாடியிருந்தார். கொள்கலனில் வந்த எல்லாருடைய எண்ணெயையும் என் கம்பனியின் பெயரில் அறிவித்துவிட்டார். மற்றவர்களிடம் ஒழுங்கான பதிவு இல்லையாம்! மாதிரியில் சாயம் அகப்பட்டது. முகம் தெரியாத ஆட்களின் எண்ணெய்க்கும் சேர்த்து பில் எனக்கு வந்தது, அழிக்கிற செலவு உட்பட. காரிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் ஒரே கொள்கலன் என்பதால் அதுவும் சேர்ந்து கிடந்தது. கடைசியில் வெளியே வந்தபோது அடி மூட்டைகள் ஈரம் பிடித்துப் பூஞ்சணம்.

அப்புறம் அறிக்கையில் இருந்த ஆய்வகத்தின் தொலைபேசி இலக்கத்தை நானாகவே தேடி எடுத்துப் பேசினேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: அந்த அறிக்கை எண் உண்மையானது, ஆனால் வேறொரு ஏற்றுமதியாளரின் எண்ணெய்க்குக் கொடுத்தது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் வாங்கிய கேன்களில் தொகுதி எண்ணே (batch number) கிடையாது. எண் இல்லாத கேனுக்கு எந்த அறிக்கையையும் பொருத்தலாம்.

ஆகவே யாராவது இப்படி வந்தால் கேனில் தொகுதி எண் ஒட்டிய படத்தைக் கேளுங்கள். அது அறிக்கையில் உள்ள எண்தானா என்று ஆய்வகத்திடமே கேளுங்கள், முகவர் தருகிற தொலைபேசி இலக்கத்தில் இல்லை. முன்னறிவிப்பில் யாருடைய சரக்கு யார் பெயரில் போகிறது என்பதைக் கப்பல் கிளம்புமுன் எழுத்தில் வாங்குங்கள். எண்ணெயை மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஏற்றவே வேண்டாம். என்னைக் கேட்டால், முதல் தடவை காரி மட்டும் போதும்.

முகவரைக் கேட்டால், "கானாக்காரன் ஏமாத்திப்போட்டான் அண்ணை, நான் என்ன செய்ய?" என்கிறார். இங்கிலாந்தில் சிறு உரிமைகோரல் வழக்குக்கு எல்லை 10,000 பவுண்ஸ். என் நட்டம் அதைத் தாண்டிவிட்டதால் வழக்கறிஞரிடம் போயிருக்கிறேன். கம்பனிப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம்: முகவரின் பழைய கம்பனியை மூடியாயிற்று. அதே முகவரியில் இன்னொரு பெயரில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறது, இந்தமுறை சியரா லியோன் சாமானும் இறக்கித் தருவார்களாம்.