தறிக்கு ஒரு சிப், காப்பித் தோட்டத்துக்கு வேறு சிப்

அட்டைப்பெட்டியில் ‘புளூடூத்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி மைக்ரோகன்ட்ரோலர் (சென்சாரைப் படித்துத் தகவல் அனுப்பும் சின்னக் கணினிச் சிப்) வாங்கக் கூடாது. புளூடூத்தில் இரண்டு வகை: பழைய கிளாசிக்கா, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்இயா? ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. இஎஸ்பி32 என்ற சிப் குடும்பத்துக்குள்ளேயே பழைய இஎஸ்பி32-இல் இரண்டும் உண்டு. சி3, எஸ்3 இரண்டிலும் பிஎல்இ மட்டும். எஸ்2-வில் புளூடூத்தே கிடையாது, வைஃபைதான். சிப்பை மூடிய தகரத்தில் பொறித்த எழுத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சேலத்து விசைத்தறிக் கூடத்தில் தறியின் ஓட்டத்தை எண்ணி ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்ப, பழைய இஎஸ்பி32 தாராளம். கரண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. முதலாளி கையில் ஐபோன் என்றால் கிளாசிக்கின் சீரியல் இணைப்பு எடுபடாது. பிஎல்இயில் எழுத வேண்டும். ஓட்டத்தை எண்ணும் பிராக்சிமிட்டி சென்சார் (பக்கத்தில் பொருள் வருவதை உணர்வது) 12 அல்லது 24 வோல்ட் என்றால், நடுவில் சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் இல்லாமல் சிப்பின் பின்னில் (இணைப்புக் காலில்) கொடுக்காதீர்கள். அந்தப் பின்னும் 12 ஆக இருக்க வேண்டாம்: ஆன் ஆகும்போது அதில் 3.3 வோல்ட் நின்றால், புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் எடுத்துக்கொண்டு பூட் ஆகாமல் கிடக்கும். 27 நல்லது. ‘பிரவுன்அவுட்’ (வோல்ட் இறங்கிவிட்டது) என்று கணினியின் சீரியல் மானிட்டரில் வந்தால் முதலில் யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். புளூடூத்தோடு வைஃபையும் சேர்த்து, ஸ்கெட்ச் (நீங்கள் எழுதிய புரோகிராம்) பெரிதாகிவிட்டது என்று ஏறாமல் நின்றால், ஃப்ளாஷைப் பங்கிடும் பார்ட்டிஷனை ‘ஹியூஜ் ஆப்’ ஆக்கினால் சரி.

இதே போர்டை ஏற்காட்டுக் காப்பிச் செடிக்கடியில் பேட்டரியோடு வைத்தால் கவிழ்த்துவிடும். ஆழ்ந்து தூங்கும் சிப் குடிப்பது சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான். பல போர்டுகளில் வோல்ட்டை 3.3-க்கு இறக்கித் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரோ சும்மா இருந்தே 5 மில்லிஆம்பியர் தின்னும். 2600 மில்லிஆம்பியர்-மணி செல் மூன்று வாரத்தில் காலி. அதைவிட மோசம், அந்த ரெகுலேட்டருக்கு வெளியே தருவதைவிட உள்ளே 1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும், 3.7 வோல்ட் லித்தியம் செல்லிலிருந்து நிலையான 3.3 கிடைக்காது.

அங்கே என்ஆர்எஃப்52840 என்ற பிஎல்இ சிப் உள்ள போர்டுதான் சரி. கடிகாரத்தை ஓட்டிக்கொண்டே சில மைக்ரோஆம்பியரில் தூங்கும்; கிளாசிக் மட்டும் இதில் இல்லை. மூடுபனியைப் பற்றிக் கவலை வேண்டாம், நனைந்த இலைதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும். அதனால் பெட்டியைச் செடிகளுக்கு மேலே, சில்வர் ஓக் மரத்தில், போன் வரும் பாதையைப் பார்த்தபடி கட்டுங்கள். பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கட்டும். ஆன்டெனா முனைக்குப் பக்கத்தில் பேட்டரி வரக் கூடாது.